புற்றுநோய்ப் பதிவகத் தரவின் தரம்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பகுதியின் புற்றுநோயாளிகளைப் பட்டியலிடும் பதிவகத்தில் 98 சதவீத நோயறிதல்கள் பயாப்ஸி (திசுப் பரிசோதனை), சைட்டாலஜி (செல் பரிசோதனை) மூலம் உறுதியானவை. தரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா மேடம்?

பதில்: அவசரப்படாதீர்கள். நோயறிதல் சரி என்பதற்கு அது நல்ல சான்றுதான். ஆனால் கல்லீரல், கணையம், மூளைப் புற்றுநோயாளிகளில் பலர் ஸ்கேனோடு நின்றுவிடுவார்கள். எனவே உறுப்பு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கல்லீரலுக்கும் 98 வந்தால், சேகரிப்பவர்கள் பேத்தாலஜி லேபைத் தாண்டவே இல்லை என்றுதான் சந்தேகப்படுவேன். ஸ்கேன் பிரிவிலும் வலிநிவாரண மையத்திலும் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: இறப்புச் சான்றிதழ் மட்டுமே ஆதாரமாக உள்ளவர்கள் (டிசிஓ) எங்களிடம் பூஜ்யம். நல்லதுதானே?

பதில்: இறப்புப் பதிவோடு ஒப்பிட்டே பார்க்காத பதிவகத்திலும் பூஜ்யம்தான் வரும்! சான்றிதழில் புற்றுநோய் என்றிருந்து, உங்கள் பட்டியலில் இல்லாதவர்களை முதலில் தனியாக எடுங்கள். ஒவ்வொருவருக்கும் மருத்துவமனைக் கோப்பைத் தேடுங்கள். கிடைத்தால், நோய் கண்டறிந்த தேதியிலேயே பதிவாகும். எங்குமே கிடைக்காதவர்தான் டிசிஓ; அவருக்கு இறந்த தேதியையே நோய் கண்டறிந்த தேதியாகப் பதிய வேண்டும். கோப்புகளைத் தேடுவதற்கு முன், பட்டியலில் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை அழித்துவிடாதீர்கள். வழக்கமான சேகரிப்பில் எவ்வளவு நழுவுகிறது என்பதை அதுதான் காட்டும். அதே அளவு கவனக்குறைவில் விடுபட்டு, இன்னும் உயிரோடு இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

கேள்வி: விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று எப்படி மதிப்பிடுவது?

பதில்: இரு மூலங்களை ஒப்பிடுவது ஒரு வழி. உதாரணமாக, மருத்துவமனைகளில் 400 பேர், லேப்களில் 300 பேர், இரண்டிலும் 240 பேர். மொத்த மதிப்பீடு 400 × 300 ÷ 240 = 500. கையில் இருப்பது 460, அதாவது 92 சதவீதம். பெயரில் ஓரெழுத்து மாறியதால் 40 பேரை இணைக்கத் தவறினால், இரண்டிலும் இருப்பவர்கள் 200 பேர் என்றாகும். மதிப்பீடு 600, பட்டியல் 500, முழுமை 83 சதவீதம்! அதனால் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றைச் சேர்த்து ஒப்பிட்ட பிறகே கணக்குப் போடுங்கள். லேபுக்கு வருபவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை வழியாகவே வந்தால் இன்னொரு சிக்கல்: மூலங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் முழுமை உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

கேள்வி: கல்லீரலில் புது நோயாளிகளைவிட இறப்பு அதிகம். எங்கே தவறு?

பதில்: விடுபடல் இருக்கலாம். அதற்கு முன் சான்றிதழ்களைப் புரட்டுங்கள். வேறு உறுப்பிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயைக் 'கல்லீரல் புற்றுநோய்' என்றே எழுதிவிடுவது சகஜம். வெளியூர்வாசிகளின் இறப்பு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணிக்கை சிறியதென்றால் சில ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: ரெட்டினோபிளாஸ்டோமா (சிறு குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோய்), வயது 61 என்று ஒரு பதிவு. நீக்கிவிடவா?

பதில்: வேண்டாம். வயதோ உருவியல் குறியீடோ (புற்றுநோயின் செல் வகையைக் குறிக்கும் எண்) தவறாக ஏறியிருக்கலாம். மூலக் கோப்பைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

கேள்வி: சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஒரே ஆண்டில் எகிறிவிட்டது!

பதில்: ஊடுருவாத கட்டிகளையும் (உட்சுவரின் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் பரவாதவை) அந்த ஆண்டிலிருந்து சேர்க்கத் தொடங்கினீர்களா என்று குறியீட்டாளரிடம் கேளுங்கள். ஆம் என்றால், அவற்றைத் தனியே பிரித்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள்.