இரண்டு ஸ்டாக்குகளும் ஒரு தவறான ‘இஃப்’பும்

கேள்வி: இரண்டு ஸ்டாக்குகளை (கடைசியில் வைத்ததே முதலில் வெளிவரும் அடுக்குகளை) மட்டும் கொண்டு எண்களை ஏறுவரிசைப்படுத்தும் நிரல் எழுதினேன். முதலாவதிலிருந்து ஒவ்வோர் எண்ணாக எடுத்து இரண்டாவதில் வைக்கிறேன்; எடுத்த எண்ணைவிடப் பெரிய எண் இரண்டாவது ஸ்டாக்கின் உச்சியில் இருந்தால், அதை முதலாவதற்குத் திருப்பியனுப்ப ‘இஃப்’ (if) என்ற நிபந்தனைக் கட்டளையைப் பயன்படுத்தியுள்ளேன். சில வேளைகளில் விடை தவறுகிறது, ஏன்?

பதில்: பிழை அந்த ‘இஃப்’பிலேயே இருக்கிறது. முதல் ஸ்டாக்கிலிருந்து 2, 3, 1 என்ற வரிசையில் எண்கள் வெளிவருவதாகக் கொள்ளுங்கள். 2, 3 இரண்டும் சிக்கலின்றி இரண்டாவது ஸ்டாக்கில் ஏறிவிடும். அடுத்து 1 வரும்போது, ‘இஃப்’ ஒரே ஒருமுறை சோதிப்பதால் 3 மட்டும் திரும்பிச் செல்கிறது. 2 அங்கேயே நிற்க, அதன்மேல் 1 அமர்ந்து, திரும்பிய 3 மீண்டும் மேலே ஏற, இறுதியில் அடியிலிருந்து 2, 1, 3 என்றாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக ‘வைல்’ (while) என்ற சுழற்சிக் கட்டளையை எழுதினால், உச்சியிலுள்ள எண் கையிலுள்ளதைவிடப் பெரிதாக இருக்கும்வரை ஒவ்வொன்றாகத் திரும்பும். ஆனால் உச்சியைப் பார்ப்பதற்கு முன் ஸ்டாக் காலியா என்று சோதிக்க மறவாதீர்கள். பலர் இடறும் இடம் அதுதான்.

தற்செயலாக, இதே 2, 3, 1 வரிசைக்கு ஒரு வரலாறு உண்டு: ஒரே ஸ்டாக்கின் வழியே ஒருமுறை மட்டும் செலுத்தி இதை ஏறுவரிசையாக்க இயலாது என்பதைக் கணினி அறிவியலாளர் டொனால்டு நூத் 1968இல் விளக்கினார்.

இரண்டு ஸ்டாக்குகளைக் கொண்ட இம்முறை வேகமானதன்று. எண்கள் ஏறுவரிசையிலேயே வெளிவந்தால் எதையும் திருப்பியனுப்ப வேண்டியதில்லை. வெவ்வேறான 1,000 எண்கள் இறங்குவரிசையில் வெளிவந்தாலோ 4,99,500 முறை திருப்பியனுப்ப நேரும்.