ப்ராக்கில் எடுத்த 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்கள் மட்டும் ஏன் இவ்வளவு மட்டம்? அவற்றில் ரசிக்க எதுவுமே இல்லையா?

நீங்களும் டிவியில் எல்லாக் காலத்து டாம் அண்ட் ஜெர்ரியையும் கலந்து கட்டிப் பார்த்து வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். அந்தப் படங்கள் வந்தால் எங்கள் வீட்டிலும் சேனலை மாற்றிவிடுவார்கள். ஆனால் கேள்விக்குக் கீழே 'வரைந்தவர்களின் சோம்பேறித்தனம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

டாம் அண்ட் ஜெர்ரியைத் தயாரித்த ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் ஸ்டுடியோவை 1957இல் மூடிவிட்டது. அப்புறம் 1961, 62இல் வந்த 13 படங்களை அமெரிக்க இயக்குநர் ஜீன் டைட்ச், அன்றைய கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான ப்ராக்கில் எடுத்துக் கொடுத்தார். ஒரு படத்துக்குக் கிடைத்தது சுமார் 10,000 டாலர்; பழைய படங்களை எடுத்த ஹன்னாவும் பார்பெராவும் செலவழித்தது இதைப்போலப் பல மடங்கு. அங்கிருந்த ஓவியர்கள் பழைய டாம் அண்ட் ஜெர்ரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களைத்தான் பார்த்திருந்தார்கள்.

நான் சென்னையில், வெளிநாட்டுத் தொடர்களுக்கு வரைந்து கொடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் இன்பிட்வீன் வேலை பார்த்தவன், அதாவது ஒரு அசைவின் முக்கிய ஓவியங்களுக்கு நடுவில் வரும் ஓவியங்களை வரைபவன். நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் 12 ஓவியம் வேண்டும். பட்ஜெட் இறங்கினால் அது எட்டாகும், ஆறாகும். ஓடி வருகிற பூனை சட்டென்று நின்றால் உடம்பு முன்னால் சாய்ந்து, பின்னால் வந்து, வால் கடைசியாக அடங்க வேண்டும். அந்த அடங்கலில்தான் பூனைக்கு எடையே வரும். வெட்டச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். ஒரு முறை நாய் மாடிப்படியில் உருண்டு விழும் காட்சியில் பாதி ஓவியத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தோம். 'அசைவு விறைப்பாக இருக்கிறது' என்று ரீடேக் வந்தது, அதாவது திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். குறைக்கச் சொன்னவர்களிடமிருந்தே! அதை ராத்திரி உட்கார்ந்து சரி செய்தோம், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. அதனால்தான் அந்த டாம் காற்றில் வெட்டி வெட்டி நகரும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எந்த ஓவியங்கள் காணாமல் போயின என்றுதான் கண் தேடும்.

உடனே யாராவது 'அப்படியானால் பழையதைவிட இது நல்லதா' என்று வருவார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஹன்னா-பார்பெரா காலத்து ஏழு ஆஸ்கரும் தகுதிக்குக் கிடைத்தவை. காசைக் காரணம் காட்ட முடியாத குறையும் இதில் இருக்கிறது. 'டவுன் அண்ட் அவுட்டிங்', 'ஹை ஸ்டேக்ஸ்' இரண்டிலும் டாமை வளர்க்கும் குண்டு முதலாளி அவனைப் போட்டு அடிப்பது கதை எழுதியவர்கள் செய்த தவறு. ஜெர்ரி அடித்தால் அது விளையாட்டு. அந்த ஆள் அடித்தால் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆனால் வரைந்த கைகளைக் குறை சொல்லாதீர்கள். டைட்ச் இயக்கி ஆஸ்கர் வாங்கிய 'மன்ரோ' குறும்படமும் இதே ப்ராக்கில் உருவானதுதான்.

நல்லது என்றால் எனக்கு முதலில் ஒலி. எல்லோரும் திட்டும் அந்த எதிரொலிச் சத்தத்தைச் செய்தவர் டாட் டாக்ஸ்டேடர். நாடாவில் ஒலிகளைப் பதிந்து, வெட்டி ஒட்டி இசை அமைத்தவர். 'மவுஸ் இன்டு ஸ்பேஸ்' பாருங்கள், விண்வெளிக்கு அதைவிடப் பொருத்தமான சத்தம் கிடைக்காது. 'டிக்கி மோ'வில் அந்தப் பித்துப் பிடித்த கேப்டனின் கப்பலுக்கு ஒரு பயம் வருகிறது. வழவழவென்று வரைந்திருந்தால் அது வந்திருக்காது. 'டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன் கிட்'டில் பூனை, எலி, கொஞ்சம் ஆயுதம், கூடவே ஓவியர்களுக்குக் காபியும் சிகரெட்டும் என்று ஒரு பெட்டியில் போட்டுக் காட்டுவார்கள். எங்கள் தொழிலை அவ்வளவு நேராகச் சொன்ன கார்ட்டூனை நான் வேறு பார்க்கவில்லை.

இன்னொன்று. கம்யூனிஸ்ட் நாட்டுத் தொடர்பு தெரியக்கூடாது என்று டைட்டிலில் பெயர்களையே மாற்றினார்கள். இசையமைத்த வாட்ஸ்லாவ் லீட்ல் அதில் 'விக்டர் லிட்டில்'. அவருக்கு மாற்றுப் பெயராவது வந்தது. நான் வேலை செய்த தொடர்களில் எங்கள் யார் பெயரும் வந்ததில்லை. ஸ்டுடியோ பெயர் ஒரு வரி ஓடும், அவ்வளவுதான். சொந்தக்காரர்களோ கல்யாணப் பத்திரிகைக்கு 'சும்மா ஒரு படம் போட்டுக் குடுப்பா, உனக்கு அஞ்சு நிமிஷ வேலைதானே' என்பார்கள். அதே பத்திரிகையை அச்சடிப்பவருக்கு மட்டும் முன்பணம் கொடுப்பார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'டிக்கி மோ'விலிருந்து தொடங்குங்கள், ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு. முதலாளி வரும் படங்களை விட்டுவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை.