மருத்துவர் பதில்: ஆபரேஷனுக்கு முன் இருக்கும் 25 நாட்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் கிராமம். வயது 44. இடது மார்பில் புற்றுக்கட்டி, அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. கீமோ முடித்துவிட்டேன். 25 நாளில் சேலத்தில் ஆபரேஷன். மார்பு முழுதும் எடுக்க வேண்டும், பிறகு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டும் என்கிறார்கள். "வயிற்றுச் சதையை வைத்து மார்பை அப்போதே உருவாக்கலாம், பிறகும் செய்துகொள்ளலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். மாமியார் "இந்த வயசுல அது எதுக்கு" என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. இரண்டு மாடு இருக்கிறது, பால் கறப்பது நான்தான். ராத்திரி தூக்கமே இல்லை. ஆபரேஷன் ஆகி 7வது வாரம் அக்கா மகள் கல்யாணம். ரவிக்கை போட்டுக்கொண்டு போய் நிற்க முடியுமா?

பதில்: புற்றை எடுக்கும் ஆபரேஷனுக்குத் தேதி உண்டு. கீமோவில் குறைந்த வெள்ளணுக்கள் தேறுவதற்காக 3, 4 வாரம் விடுவார்கள். அதன் பிறகு இழுத்தடிக்கக் கூடாது. கடைசி கீமோவிலிருந்து 8 வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மார்பைத் திரும்ப உருவாக்குவதற்கு அப்படித் தேதி கிடையாது. ஒரு வருடம் கழித்துச் செய்யலாம், ஐந்து வருடம் கழித்தும் செய்யலாம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த இரண்டாவது விஷயம் என்று நினைக்கிறேன். அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இந்த 25 நாளும் புகையிலைக்கும் சர்க்கரைக்கும் தோளுக்கும் வேண்டும்.

புகையிலையை இன்று ராத்திரியே நிறுத்துங்கள். மார்பை எடுத்த பிறகு அந்த இடத்தை மூடும் தோல் மெல்லியது. அடியிலிருந்து வந்த ரத்த ஓட்டம் போய், ஓரங்களிலிருந்து வருவதை வைத்துத்தான் பிழைக்கிறது. நிகோடின் அந்தச் சிறு குழாய்களையும் சுருக்கிவிடும். பீடியில் வந்தாலும் மென்றதில் வந்தாலும் நிகோடின் ஒன்றுதான். தையல் ஓரம் கறுக்கும், பிரியும், புண் ஆற இன்னொரு மாதம் ஆகும், அதற்குள் தொடங்க வேண்டிய கரண்ட் தள்ளிப்போகும். சுத்தமாக 4 வாரம் விட்டிருப்பது நல்லது. உங்களிடம் இருப்பது 25 நாள், ஒரு நாளையும் விட்டுக்கொடுக்க முடியாது. முதல் 4 நாள் தலைவலி, எரிச்சல், காரணமில்லாத கோபம் எல்லாம் வரும், வீட்டில் சொல்லி வையுங்கள். வெற்றிலை பாக்கையும் சேர்த்து விட்டால்தான் வாய் புகையிலையைத் தேடாது. சோம்பு, ஏலக்காய் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையில் கடந்த 3 மாதக் கணக்கைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை இந்த வாரமே எடுங்கள். 8க்குக் கீழே இருந்தால் நிம்மதி. கீமோவின்போது வாந்தி வராமலிருக்கப் போடும் டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றிவிடும். அதனால் உங்கள் பழைய மாத்திரை அளவு இப்போது போதாமல் இருக்கலாம். தேவையென்றால் சில வாரம் இன்சுலின் போடச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். மாத்திரை அட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியது, மயக்க மருந்து டாக்டரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எது எடுத்தாலும் சொல்லிவிட வேண்டும்.

முட்டை, மீன், கறி சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று உங்களைப் பத்தியத்தில் வைக்கப் பார்ப்பார்கள். உண்மை தலைகீழ். புண் ஆற புரதம் வேண்டும். தினம் 2 முட்டை, ஒரு கிண்ணம் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ, மோர், கேழ்வரகு. கீமோவில் ரத்தம் இறங்கியிருந்தால் ஹீமோகுளோபின் 10க்குக் குறையாமல் பார்ப்பார்கள். குறைந்தால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும், கொடுக்க இரண்டு பேரைக் கேட்டு வையுங்கள்.

இனி மார்பைத் திரும்ப உருவாக்குவது. வழி மூன்று உண்டு. சிலிக்கோன் பை வைப்பது ஒன்று. முதலில் ஒரு பலூன் பையை வைத்து, வாரக்கணக்கில் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, பிறகு நிரந்தரப் பைக்கு மாற்றுவார்கள். உங்களுக்கு இது சரிப்படாது என்றே சொல்வேன். கரண்ட் வைத்த இடத்தில் பையைச் சுற்றி உடம்பு கட்டும் உறை இறுகி, மார்பு கல் போலாகி வலிக்கலாம். சீழ் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். பை ஆயுளுக்கும் தாங்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. இரண்டாவது, முதுகுச் சதையைத் தோலோடு திருப்பிக் கொண்டுவருவது. ரத்த ஓட்டம் நம்பகமானது, ஆனால் அந்தச் சதைதான் கையைக் கீழ்நோக்கி இழுக்கும் வேலைக்கு உதவுவது. கிணற்றில் நீர் இறைப்பவர், சுமை தூக்குபவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது. மூன்றாவது உங்களிடம் சொன்ன வயிற்றுச் சதை. தொப்புளுக்குக் கீழுள்ள கொழுப்பையும் தோலையும் எடுத்து, அதன் ரத்தக்குழாயை மார்புக்கூட்டுக் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். 6 முதல் 8 மணி நேர ஆபரேஷன். முதல் 2 நாள் நர்ஸ் மணிக்கு ஒருமுறை நிறம் பார்ப்பார். நீலம் பாய்ந்தாலோ வெளுத்தாலோ குழாய் அடைத்திருக்கிறது, உடனே திரும்ப தியேட்டர். வயிற்றிலும் நீளமாகத் தையல் இருக்கும், 6 முதல் 8 வாரம் பாரம் தூக்கக் கூடாது. சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு எதன் தழும்பு இருந்தாலும் காட்டுங்கள். பெரும்பாலும் தடையில்லை, ஆனால் குழாய் எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கரண்ட் வைப்பது உறுதி, சர்க்கரை இருக்கிறது, புகையிலை இப்போதுதான் நிற்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில், கரண்ட் முடிந்து 6 மாதம் முதல் ஒரு வருடம் கழித்து, தோல் மென்மையான பிறகு, வயிற்றுச் சதை வைத்துச் செய்வதையே நான் விரும்புவேன். உங்களைக் கையால் தொட்டுப் பார்த்த சர்ஜனின் முடிவே கடைசி முடிவு. எதைச் செய்தாலும் புற்று திரும்ப வரும் வாய்ப்பு அதனால் அதிகமாகாது. உருவம் வரும், பழைய தொடு உணர்ச்சி வராது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். செய்துகொள்ளாமலே இருப்பதும் முழுமையான ஒரு முடிவுதான். அப்படியானால் "அக்குள் பக்கம் மடிப்புச் சதை விடாமல் சமமாக மூடுங்கள்" என்று சர்ஜனிடம் வாயைத் திறந்து கேளுங்கள், கேட்டால் செய்வார்கள். மாமியார் சொல்வதில் கெட்ட எண்ணம் இல்லை, இன்னொரு கத்தி வேண்டாம் என்ற பயம் அது. ஆனாலும் உடம்பு உங்களுடையது. 44 ஒரு வயசே இல்லை, 70லும் செய்துகொள்ளலாம்.

முதல் நாள் ராத்திரி சோப்பு போட்டுக் குளியுங்கள். அக்குள் முடியை நீங்களே ரேசரால் எடுக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகக் கிருமி போகும். மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தடுமாறும். திட உணவு 6 மணி நேரம் முன்பு, தண்ணீர் 2 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும். மாதவிலக்கு வந்துவிட்டால் தேதி மாற்ற வேண்டியதில்லை. தாலி, மெட்டி, மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்கள். அபசகுனமாக நினைத்து அந்த வாசலில் அழுகிறவர்கள் நிறைய. ரத்தம் நிறுத்தப் பயன்படும் கருவி மின்சாரத்தில் ஓடுவது, உலோகம் தோலைச் சுட்டுவிடும் என்பதுதான் காரணம். பொன்னைக் கழற்றி வெறும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு போங்கள். தியேட்டர் நர்ஸ் அதையும் வேண்டாமென்றால் கணவர் கையில் இருக்கட்டும்.

கண் விழிக்கும்போது அக்குள் பக்கம் ஒன்றோ இரண்டோ டியூப் இருக்கும், முனையில், அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடிய டப்பா. உள்ளே ஊறும் நீரை அது இழுக்கிறது. இதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். கையைக் கழுவி, தினமும் ஒரே நேரத்தில் டப்பாவின் கோட்டில் அளவைப் பார்த்து நோட்டில் எழுதி, கொட்டிவிட்டு, டப்பாவை அமுக்கிப் பிடித்தபடியே மூட வேண்டும். அமுக்காமல் மூடினால் உறிஞ்சாது. நீர் உள்ளே தேங்கித் தையலை முட்டும். டியூபை ரத்தக்கட்டி அடைத்தால், தோல் பக்கம் ஒரு கையால் டியூபை இறுக்கிப் பிடித்து, மறு கை விரல்களால் கீழ்நோக்கி உருவிவிடுங்கள். மாட்டு மடியில் உருவும் கைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள் என நிறம் மாறும். 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழே என்று இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் எடுத்துவிடுவார்கள். 7 முதல் 14 நாள் ஆகும். எடுத்த பிறகும் நீர் கோத்தால் ஊசியால் உறிஞ்சிவிடலாம். டப்பா தொங்கி இழுக்காமலிருக்க துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டுங்கள். முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று வாங்கி வையுங்கள். தொப்பூர் கணவாய் வளைவுகளில் கார் திரும்பும்போது சீட் பெல்ட் அறுக்கும், மார்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சின்னத் தலையணை வையுங்கள்.

காய்ச்சல் 100.4ஐத் தாண்டினால், தையல் சுற்றிச் சிவந்தால், டப்பா திடீரெனப் புது ரத்தத்தால் நிறைந்தால் அன்றே மருத்துவமனை. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ 108.

தோளை விட்டுவிடாதீர்கள். கரண்ட் வைக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்க வேண்டும். தோள் இறுகிய பெண்ணுக்கு அது முடியாது. ஆபரேஷன் ஆன மறுநாளே விரலை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைக் குலுக்குவது, தினம் நாலு வேளை. டியூப் இருக்கும்வரை கை தோள் மட்டத்துக்கு மேலே போக வேண்டாம். எடுத்த பிறகு சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள், எட்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு. வேளைக்கு 10 தடவை, தினம் 3 வேளை. அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு போல இழுத்தால் பயம் வேண்டாம், பயிற்சியிலேயே சில மாதத்தில் தளரும். மேல்கையின் உட்புறம் மரத்திருப்பது நரம்பு அறுபட்டதால்; முழுக்கத் திரும்பாமலும் போகலாம். 2021 ஆகஸ்டில் நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயர் கொடுங்கள்.

மாடுகளுக்கு 6 வாரத்துக்கு வேறு ஆள் பாருங்கள். கறக்கும்போது விடாமல் அழுத்தும் அழுத்தம் அக்குள்வரை போகிறது. நிறைகுடம் 15 கிலோ. உங்களுக்கு அப்போது 2 கிலோவே எல்லை. பிறகும் இடது கையில் சோளத்தட்டு கிழித்தாலோ முள் குத்தினாலோ சோப்பு போட்டுக் கழுவி மருந்து போடுங்கள், வயலில் கையுறை போடுங்கள். அக்குள் நெறியை எடுத்த பக்கத்துக் கையில் கிருமி புகுந்தால் ஒரே ராத்திரியில் சிவந்து வீங்கும், அந்த வீக்கம் நிலைத்தும் விடலாம். ஊசி, பிரஷர் பார்ப்பது வலது கையில்.

மனசு விஷயம். கட்டுப் பிரிக்கும் நாளில் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். கணவரா, அக்காவா, யாருமே வேண்டாமா. பார்க்க விருப்பமில்லையென்றால் அன்று பார்க்க வேண்டியதில்லை. குறுக்கே அக்குள்வரை ஒரு தையல், வீக்கம், கன்றிய நிறம். சில மாதத்தில் வெளிறி அடங்கிவிடும். இல்லாத மார்பு அரிப்பதுபோல் தோன்றினால் மூளை கலங்கவில்லை, நரம்பின் பழைய ஞாபகம் அது. பிள்ளைகள் இருந்தால் நோயின் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள், ஒட்டாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். "கத்தி பட்டா பரவிடும்" என்பவர்களோடு வாதம் செய்து களைக்காதீர்கள், பரவாது. விசாரிக்க வருபவர்கள் செத்துப்போன நாலு பேர் கதையோடுதான் வருவார்கள். வாசலிலேயே பேசி அனுப்பவும் போனை எடுக்கவும் ஒரு ஆளை வையுங்கள், மாமியார் இதற்கு மிகப் பொருத்தம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் எதிலும் பிடிப்பற்று இருந்தால் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள், தமிழில் பேசுவார்கள். மாத்திரை தேவைப்பட்டால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. மார்பை எடுப்பதற்கு வாங்கிய அனுமதியில் பின்னால் உருவாக்கும் ஆபரேஷன் அடங்குமா, தனி அனுமதி வேண்டுமா என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் கேட்டு எழுதி வாங்குங்கள். ரயிலில் உங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு, படிவத்தில் மருத்துவமனைக் கையெழுத்து வேண்டும். எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அசலைப் பத்திரமாக வையுங்கள்.

கல்யாணத்துக்குத் தாராளமாகப் போகலாம். அப்போது கரண்ட் நடந்துகொண்டிருக்கலாம், முகூர்த்தம் எந்தக் கிழமை என்று முன்பே சொல்லிவிட்டால் நேரத்தைச் சரிசெய்து தருவார்கள். ரவிக்கையை இப்போதே தைக்கக் கொடுக்காதீர்கள், 5வது வாரம் வீக்கம் வடிந்த பிறகு அளவு கொடுங்கள். முன்பக்கம் கொக்கி, இடது கைக்குழி ஓர் அங்குலம் தளர்வு, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங். ஜரிகையும் கல் வேலையும் அந்தப் பக்கம் தோலில் படக்கூடாது. உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கோன் செயற்கை மார்புக்கு, புண் நன்றாக ஆறியிருக்க வேண்டும், கரண்ட் வைத்த தோல் தேறும்வரை அதுவும் வேண்டாம். அதுவரை பருத்தித் துணிப்பையில் பஞ்சு அடைத்து உள்ளாடைக்குள் வையுங்கள். பஞ்சு எடையில்லாமல் மேலே ஏறினால் நடுவில் ஒரு பிடி சாமையைத் தனித் துணியில் முடிந்து வைத்துத் தையுங்கள், வலது பக்கத்துக்குச் சமமாக நிற்கும். வியர்வையில் சாமை பூஞ்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.