ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்கள் தரும் நன்கொடையால் தர்மபுரி மலைக்கிராமங்களில் மருத்துவ வசதி உண்மையிலேயே மேம்படுகிறதா?

ஓரளவு மேம்படுகிறது. அரூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு சங்கத்தில் இரண்டு வருடம் பொருளாளராக இருந்து செக்கில் கையெழுத்துப் போட்டவன் என்பதால் சொல்கிறேன்.

கண் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள், ஆபரேஷன், லென்ஸ் எல்லாம் கண் மருத்துவமனை பொறுப்பு. நோட்டீஸ், ஆட்டோவில் மைக், மதியச் சாப்பாடு சங்கத்தின் செலவு. முதல் முறை நடத்தியபோது, சித்தேரி மலையிலிருந்து வந்தவர்களில் கண்புரை முற்றிய பலர் ஆபரேஷனுக்கான பஸ்ஸில் ஏறாமலேயே திரும்பிவிட்டார்கள். ஒரு பாட்டியிடம் கேட்டேன். "ஆட்ட யாருப்பா பாத்துக்கறது?" என்றார். அது மாசி மாதம், புளி உலுக்கும் நேரம். வீட்டில் ஆளே இருக்காது. அடுத்த வருடம் புளி வேலை முடிந்தபின் முகாம் வைத்தோம். துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம், திரும்பும்போது மலை வரை ஜீப்பில் கொண்டுவிடுவோம் என்றோம். வெயிலில் கண் ஆபரேஷனா என்று சிலர் முணுமுணுத்தாலும் பஸ் நிறைந்தது. கூடுதலாக ஆன செலவு ஜீப் வாடகை மட்டும்தான்.

இன்னொரு கதை. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஈசிஜி மெஷின் கொடுத்தோம். சால்வை, ரிப்பன், போட்டோ எல்லாம் ஆச்சு. ஏழு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், உறை போட்டு பீரோ மேல் இருக்கிறது. பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டதாம். சங்கத்தில் சொன்னால், "அது போன தலைவர் காலத்து வேலை" என்றார்கள். ரோட்டரி, லயன்ஸ் இரண்டிலுமே ஜூலை 1-ம் தேதி புது ஆண்டு பிறக்கும், தலைவர் மாறுவார். புதுத் தலைவருக்குப் புதுக் கல்வெட்டு வேண்டும். பழைய மெஷினுக்கு ரோல் வாங்கித் தந்தால் யார் போட்டோ எடுப்பார்கள்? கடைசியில் என் காசில் வாங்கிக் கொடுத்தேன்.

அதே ரோட்டரிதான் 1985-ல் போலியோ ஒழிப்பைக் கையிலெடுத்தது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் கடைசியாக ஒருவரைத் தாக்கியது 2011 ஜனவரியில். இடையில் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! வேலை மட்டும் மாறவில்லை.

சங்கத்தால் ஆகாததும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழும், மேலும் கூடினால் எலும்பையே பாதிக்கும். ஊருக்கு ஓர் ஆர்ஓ மெஷின் வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதற்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீர்தான் வரவேண்டியிருந்தது. ஜப்பான் கடனுதவியோடு அரசு கட்டிய அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது.

நன்கொடையை மனிதர்கள் மேல் செலவழித்தால் என்ன ஆகும் என்று பார்க்க, அரூர் பக்கம் பழங்குடியினர் வாழும் சிட்லிங் கிராமத்துக்குப் போய்வாருங்கள். டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி 1990-களின் தொடக்கத்தில் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். உள்ளூர் பழங்குடிப் பெண்களையே பழக்கி மருத்துவமனையை நடத்துகிறார்கள்.

உங்கள் சங்கம் ஏதாவது செய்ய நினைத்தால், முதலில் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். எங்களிடம் அவர் மெஷின் எதுவும் கேட்கவில்லை. பிரசவ நாள் நெருங்கிய பெண்களை மழைக்கு முன்பே மலையிலிருந்து இறக்க ஜீப்புக்கு டீசல் காசு கேட்டார். சம்மதம் வாங்கவே மூன்று கூட்டம் ஆனது. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் கணக்கில் 'இதர செலவு' என்று போட்டேன்.