டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்டைக் குறைத்த பிறகும் ரேடியோ ஹெலிகாப்டரின் வால் சர்வோ ஓரத்தில் முட்டி முனகுவது ஏன்?

முனகுகிறது என்றால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே மெனுவில் துழாவி, ஒரு சர்வோவை, அதாவது வால் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் குட்டி மோட்டாரை, பொசுக்கியவன் சொல்கிறேன்.

நீங்களும் என்னைப்போல் மாதிரி விமானம் ஓட்டிவிட்டு ஹெலிகாப்டருக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும். அங்கே எண்ட் பாயிண்டை, அதாவது சர்வோ எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லையை, 100 சதவீதத்திலிருந்து 70க்கு இறக்கினால் சுக்கான் அந்த அளவோடு நின்றுவிடும். இங்கே ஸ்டிக்குக்கும் சர்வோவுக்கும் நடுவில் ஜைரோ, அதாவது வால் திரும்புவதை உணர்ந்து சர்வோவை ஆட்டும் கருவி, உட்கார்ந்திருக்கிறது. வால் காட்டும் திசையை ஜைரோ தானே பிடித்துவைக்கும் ஹெட்டிங் ஹோல்டு முறையில் ஸ்டிக் கேட்பது "இந்த வேகத்தில் திரும்பு" என்பதை மட்டுமே. சர்வோ எவ்வளவு நகர வேண்டும் என்பது ஜைரோவின் முடிவு. மேசைமேல் ஹெலிகாப்டர் திரும்பாது அல்லவா? "இன்னும் திரும்பவில்லையே" என்று அது தன் எல்லைவரை தள்ளிக்கொண்டே போகும். டிரான்ஸ்மிட்டரில் நீங்கள் குறைத்தது சுழலும் வேகத்தை மட்டும்தான்.

இது தெரியாமல் நான் 60 வரை இறக்கினேன். வால் மந்தமாகத் திரும்பியது, முனகல் மட்டும் அப்படியே இருந்தது. பழகினால் சரியாகிவிடும் என்று பறக்கவிட்டேன். மூன்றாவது நாள், இடுப்பளவு உயரத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது திடீரென்று பம்பரமாகச் சுற்றிச் சாய்ந்தது. பிளேடு இரண்டும் போயின, வால் குழாய் வளைந்தது. சர்வோவைத் தொட முடியாத சூடு.

எல்லையை ஜைரோவின் அமைப்பிலேயே வையுங்கள். மோட்டார் வயர்களைக் கழற்றிவிட்டு, வால் ஸ்லைடர் (வால் பிளேடுகளின் கோணத்தை மாற்ற வால் அச்சில் நகரும் பாகம்) இரு பக்கமும் முட்டுவதற்குச் சற்று முன்பே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பயந்து அதிகம் குறைத்தாலும் ஆபத்துதான்: பிட்சை (மெயின் பிளேடுகளின் கோணத்தை) ஏற்றும்போது மெயின் ரோட்டாரின் எதிர்முறுக்கைத் தாங்க முடியாமல் வால் நழுவும். இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும் என்று யாராவது பாடம் எடுக்க வருவார்கள். தேவையில்லை, முறுக்கை எதிர்க்கும் பக்கத்துக்கு இடம் கூடுதலாக வேண்டும். உங்கள் ஜைரோவில் ஒரே எண்தான் உண்டு என்றால் என்னோடு சண்டைக்கு வராதீர்கள்; சர்வோவை ஸ்லைடரோடு இணைக்கும் லிங்க் கம்பியின் நீளத்தை மாற்றி நடுநிலையைச் சரிசெய்யுங்கள்.

மெயின் ரோட்டாருக்குக் கீழே சாய்ந்து பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ் பிளேட்டையும் ஒருமுறை பாருங்கள். முழு பிட்சில் வைத்து ஸ்டிக்கை மூலைக்குத் தள்ளினால், எல்லாத் திசையிலும் சாய்வை ஒரே அளவில் நிறுத்தும் வளையக் கட்டுப்பாடு இல்லாதபோது, சாய்வு ஒற்றைத் திசையைவிட 1.4 மடங்கு போகும். நேராகத் தள்ளி மட்டும் பார்த்தால் அந்த முட்டல் தெரியாது.

எல்லையை மிகவும் இறக்க வேண்டியிருந்தால், சர்வோ ஆர்மில் (சர்வோவின் கைப்பிடியில்) லிங்க் மாட்டும் உருண்டையை உள் துளைக்கு மாற்றுவதே சரி. நான் அதையும் செய்யப் போனேன். பழைய பொருளாக வாங்கியது. முந்தைய சொந்தக்காரர் பிளாஸ்டிக் ஆர்மில்கூடத் திருகு கழலாமல் இருக்கப் பூசும் பசையை ஊற்றி வைத்திருந்தார். "ஒருமுறைதான் பறந்தது" என்று சொல்லி விற்பவர்கள் அந்தப் பசையைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? உருண்டையை மாற்ற முடியவில்லை, ஆர்ம்தான் இரண்டாகப் பிளந்தது.