‘ஒத்துக்கொண்டால் சமூக சேவையோடு முடிந்துவிடும்’ என்கிறார்களே, நம்பலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பாபநாசம் தாலுகாவில் இருக்கிறது. என் மகனுக்கு 22 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தான். குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரத்தில் பக்கத்து வயல்காரரின் போர் மோட்டார் ஒயரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டது. ஒயரின் மதிப்பு 4,200 ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு முன் அவன் மேல் எந்த வழக்கும் கிடையாது. “குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஜெயில் இல்லை, ஆஸ்பத்திரியைக் கூட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்” என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வெளிநாட்டு வேலைக்கும் முயற்சி செய்துகொண்டிருக்கிறான். ஒத்துக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: அம்மா, அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் உங்கள் மகனின் பிழைப்பைத் தொடுகிற விஷயம்.

முதலில் உண்மையான பாதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனை வகை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது கிடையாது. எல்லாக் குற்றத்துக்கும் இதைக் கொடுத்துவிட முடியாது. சிறு திருட்டு, பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை கொடுப்பது, அவதூறு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிரிவுகளுக்கு மட்டும்தான். திருட்டுக்கான 303(2) பிரிவு சொல்வது இது: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறையாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை.

ஆனால் உங்கள் மகனுக்கு இது பொருந்துமா என்பது எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வக்கீலிடம் எஃப்.ஐ.ஆர். நகலையும் குற்றப்பத்திரிகையையும் வாங்கி வரிக்கு வரி படியுங்கள். ஒயர் வரப்போரம் திறந்த வெளியில் இருந்ததா, மோட்டார் கொட்டகைக்கு உள்ளே இருந்ததா? “கொட்டகையின் உள்ளே இருந்து” என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும். பொருள்களைப் பாதுகாக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்று 305ஆம் பிரிவுக்குக் கொண்டுபோக அதுவே வழிவிடும். அதில் 7 ஆண்டு வரை சிறை உண்டு, சமூக சேவை கிடையாது. அரசுச் சொத்தைத் திருடினாலும் இதே 305தான். அதனால் நெல் கொள்முதல் நிலையத்தில் அரசுச் சாக்கை எடுத்தவருக்கு, அது எத்தனை மலிவாக இருந்தாலும், இந்தச் சலுகை இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்த இடத்தில் முதலாளியின் பொருளை எடுத்திருந்தால் 306. அதிலும் இல்லை.

மதிப்பையும் கவனியுங்கள். இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்தது ஒரு தொகை, உடைமைக்காரர் புது ஒயர் வாங்கிய பில் வேறு தொகை. போலீஸ் எழுதும் பொருள் விவரக் குறிப்பான மகஜரில் 4,200 என்று இருப்பது உங்களுக்குச் சாதகம். 5,000க்குக் கீழான திருட்டு ஜாமீனில் விடக்கூடியது, மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத வகையும்கூட. அந்த உத்தரவு வாங்கியிருக்கிறார்களா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, 303(2) மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் ஒத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். சமூக சேவை என்பது ‘குற்றவாளி’ என்று தீர்ப்பு எழுதிய பிறகு கொடுக்கும் தண்டனை. நாளைக்கு அரசு வேலை விண்ணப்பத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, சட்டம் சொல்லும் தடை 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குத்தான். ஆனால் போலீஸ் சான்றிதழ் கேட்கிற வெளிநாட்டுக் கம்பெனி தீர்ப்பைப் பார்க்கும். வழக்கு நடக்கும்போதே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் அதுவும் சிக்கல்தான்.

இதைவிட நல்ல வழி சமாதானம். 303(2) திருட்டு, பொருளுக்கு உரியவர் சம்மதித்தால் சமாதானமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம். அப்படி முடிந்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். அதற்கு நீங்கள் அந்த வயல்காரர் வீட்டுப் படி ஏற வேண்டும். மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முன்னால் போர் தண்ணீரை நம்பித்தான் அவர் நாற்று விட்டிருப்பார். மோட்டார் நின்ற நாட்களில் நாற்றங்கால் வெடித்திருந்தால் அவர் நஷ்டம் 4,200 ரூபாய் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரோடு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேச வேண்டியது அவன்தான். புது ஒயரின் விலையையே கொடுங்கள். பணம் கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். சமாதானம் ஆகாவிட்டாலும், மதிப்பைத் திருப்பிக் கொடுத்ததற்கு அந்த ரசீதே ஆதாரம்.

அவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்தது 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம். அதன்படி கண்டித்தோ, நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கியோ விடலாம். அதிலும் குற்றவாளி என்ற தீர்ப்பு வரும். ஆனால் அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. சமூக சேவைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு எழுதப்படவில்லை. வக்கீல் இதை முதலிலேயே கேட்க வேண்டும்.

கடைசியில் சமூக சேவைதான் என்று ஆனால், என்ன வேலை, எத்தனை நாள் என்று நியாய சன்ஹிதா சொல்லவில்லை. சம்பளம் கிடையாது, ஊருக்குப் பயன்பட வேண்டும், அவ்வளவுதான். அதனால் மகன் கூலி வேலைக்குப் போகிற நேரம், பஸ் வசதி எல்லாவற்றையும் நீதிபதியிடம் சொல்லலாம். தினமும் வந்து போன நேரத்தை ஒரு நோட்டில் எழுதி, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். சேவையைச் செய்யத் தவறினால் அதற்காகவே சிறைக்குப் போக நேரும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் போய்விடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.