சொன்னேனே… காதில் விழலையா?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலும் அலுவலகத்திலும் பேச்சு எங்கே சிக்கிக்கொள்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில்.

ஒரு வேலை தள்ளிப்போகும் என்று மேலாளருக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். கடைசியில் தள்ளிப்போனபோது, "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அனுப்பியதற்கு ஆதாரம் இருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

அந்த ஆதாரத்தை எடுத்து, மேலாளரின் கண்ணால் ஒருமுறை படித்துப் பாருங்கள். அநேகமாக இப்படி இருக்கும்: "சார், சில தகவல்கள் இன்னும் வரலை. ஃபாலோ பண்ணிக்கிட்டிருக்கோம். கொஞ்சம் டைட்டாதான் இருக்கு." இதை எழுதும்போது உங்கள் மனதில் இருந்தது 'வெள்ளிக்கிழமை முடியாது' என்பது. அவர் படித்ததோ 'பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்பது.

மேலே இருப்பவரிடம் கெட்ட செய்தி சொல்லும்போது நாக்கு தானாகவே மழுப்பும். உயிர் போகிற நேரத்தில்கூட மழுப்பும். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் இறங்க வேண்டிய ஏவியான்கா 52 விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே சுற்றவைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று விமானிகள் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார்கள், முன்னுரிமையும் கேட்டார்கள். 'அவசரநிலை' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால்தான் மற்ற விமானங்களை ஒதுக்கிவிட்டு வழிவிடுவார்கள். கடைசியில் எரிபொருள் முற்றிலும் தீர்ந்து விமானம் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தகவல் போய்ச் சேர்ந்தது, அதன் அவசரம் போய்ச் சேரவில்லை.

மருத்துவமனைகளில் செவிலியர்கள் மருத்துவரை அழைத்துப் பேசுவதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'எஸ்பார்' என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை இது. உங்கள் மின்னஞ்சலை அந்த வரிசையில் போட்டால்:

"வெள்ளிக்கிழமை அறிக்கை தயாராகாது, செவ்வாய்தான் முடியும். 3 கிளைகளின் கணக்கு இன்னும் வரவில்லை, 2 முறை கேட்டாயிற்று. அவை இல்லாமல் அனுப்பினால் மொத்தத் தொகை தப்பாக இருக்கும். செவ்வாய் வரை தள்ளலாமா, இல்லை அந்த 3 கிளைகளை விட்டுவிட்டு வெள்ளியே அனுப்பலாமா? புதன் மாலை 4 மணிக்குள் உங்கள் முடிவு வேண்டும்."

ஐந்தே வாக்கியங்கள். பலரும் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, பின்னணியை முதலில் எழுதுவது. எவ்வளவு முயன்றோம் என்று காட்டிவிட்டுக் கெட்ட செய்திக்கு வரலாம் என்று நினைக்கிறோம், படிப்பவர் அதற்குள் அடுத்த மின்னஞ்சலுக்குப் போயிருப்பார். இன்னொன்று, கோரிக்கையே இல்லாமல் முடிப்பது. 'தகவலுக்காக' என்று வருவதை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. பொருள் வரியிலேயே "முடிவு தேவை – புதன் மாலை 4" என்று போடுங்கள்.

மூன்று முறை அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். ஒரே தொனியில் மூன்று முறை வந்தது, 'இது எப்போதும் வருவதுதான்' என்று அவரைப் பழக்கியிருக்கும். முதல் அஞ்சலுக்குப் பதில் இல்லையென்றால் இரண்டாவது முறை தொலைபேசியில் கூப்பிடுங்கள், அல்லது நேரில் போய் நில்லுங்கள்.

எனக்குக் கீழே நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் தெளிவாக விளக்கிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது" என்பார்கள். செய்து கொண்டுவருவது வேறாக இருக்கும்.

'புரிஞ்சுதா?' என்ற கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

தெளிவாகச் சொன்னேன் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சந்தேகப்படலாம். 1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவர் தலைக்குள் பாட்டு முழு இசையோடு ஓடுகிறது, கேட்பவருக்கு வெறும் டொக் டொக். உங்கள் தலைக்குள் அந்த வேலை பத்து வருட அனுபவத்தோடு ஓடுகிறது.

"முதல்ல எதை எடுக்கப்போறீங்க? எந்த இடத்துல மாட்டும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் முதல் இரண்டு வாக்கியங்களிலேயே கோணல் தெரிந்துவிடும். "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்றால் பள்ளிக்கூடத்து ஒப்பிப்பாக மாறி, உங்கள் சொற்களே திரும்பி வரும். "அவசரத்துல சொன்னேன், நான் எதையாவது விட்டுட்டேனான்னு பாக்கணும்" என்று பழியை உங்கள் மேல் போட்டுக்கொண்டு கேட்டால், தெரியாததைச் சொல்ல அவர்களுக்கும் கூச்சம் இருக்காது.

வாய்வழியாக ஒரு நேரத்தில் மூன்று, நான்கு விஷயங்களுக்கு மேல் சொல்லாதீர்கள், மனதில் நிற்காது. அதற்கு மேல் இருந்தால் எழுதிக் கொடுங்கள். 'சீக்கிரம்', 'நீட்டா', 'கொஞ்சம் சுருக்கமா' போன்ற சொற்கள் வரும் இடங்களில் எண்ணைப் போடுங்கள்: "நாளைக்குக் காலை 11 மணிக்குள்ள, 2 பக்கம்."

கணவரிடம் எதைப் பேச ஆரம்பித்தாலும் ஐந்தாவது நிமிடம் சண்டை. அவர் எழுந்து போய்விடுகிறார். 'நீ' என்று குற்றம் சொல்லாமல் 'எனக்கு' என்று தொடங்கிப் பேசச் சொல்கிறார்கள். அப்படியும் பேசிப் பார்த்துவிட்டேன்.

எப்படிப் பேசினீர்கள் என்று எழுதவில்லை. "உங்களுக்கு வீட்டைப் பத்தி அக்கறையே இல்லைன்னு எனக்குத் தோணுது" என்பதுபோல் இருந்தால், 'எனக்கு' என்ற சொல்லைப் பின்னால் ஒட்டிய அதே குற்றச்சாட்டுதான் அது. 'அக்கறை இல்லை' என்பது அவர் மனதைப் பற்றிய உங்கள் தீர்ப்பு. தீர்ப்பைக் கேட்டவர் வாதாடத்தான் செய்வார்.

நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சி, அது உங்களை என்ன செய்தது, இனி என்ன வேண்டும் என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். "நேத்து ஸ்கூல் மீட்டிங்குக்கு வரேன்னீங்க, வரலை. டீச்சர் கேட்ட ரெண்டு கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியலை, சங்கடமாப் போச்சு. அடுத்த தடவை வர முடியாட்டி முந்தின நாள் ராத்திரியே சொல்லிடறீங்களா?" இதில் 'எப்பவுமே', 'ஒருநாளாவது' என்ற சொற்கள் இல்லை. அவை வந்தால் பேச்சு மீட்டிங்கிலிருந்து நழுவி, விதிவிலக்கான அந்த ஒருநாளைத் தேடுவதில் போய்விடும். போன வருடத்துக் கணக்கையும் இழுக்காதீர்கள்.

தம்பதிகளின் வாக்குவாதங்களைப் படம்பிடித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் உளவியலாளர் ஜான் காட்மன். பேச்சு கடுமையாகத் தொடங்கினால் கடுமையாகவே முடிகிறது என்றும், முதல் 3 நிமிடங்களிலேயே போக்கு தெரிந்துவிடுகிறது என்றும் அவர் கண்டார். எனவே முதல் வாக்கியத்தை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது செயற்கையாகத் தோன்றினாலும் வேலைக்கு ஆகும். அவர் கதவைத் திறந்து உள்ளே நுழையும் நிமிடத்தில் தொடங்காதீர்கள்.

எழுந்து போவதைப் பற்றி: கோபத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக ஏறாது. உடம்பு இறங்கிவர 20 நிமிடமாவது ஆகும். ஆகவே விலகிப்போவது தப்பில்லை, திரும்பி வரும் நேரத்தைச் சொல்லாமல் போவதுதான் தப்பு. "இப்ப முடியலை, எட்டரைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கத்தை, சண்டை இல்லாத ஒரு நாளில் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் அடுத்து என்ன பதிலடி என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் 20 நிமிடமும் வீண்.

பேசவே பயமாக இருக்கிறது, கை நீட்டுகிறார் என்பதுபோன்ற நிலைமை என்றால் இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே வேண்டியது பாதுகாப்பும் வெளி உதவியும்தான்.

பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் பங்கு, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா?

இல்லை. உண்மையாக இருந்தால் தெரியாத மொழியில் பேசுபவரையும் 93 சதவீதம் புரிந்துகொள்ள முடிய வேண்டுமே! உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒருவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதில் சொற்களும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை நம்புகிறோம் என்பது மட்டுமே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நான் சாதாரணமாக "சரி" என்று அனுப்பினாலும் "ஏன் கோபம்?" என்று கேட்கிறார்கள்.

எழுதும்போது உங்கள் குரல் உங்கள் காதில் கேட்கிறது, படிப்பவருக்குக் கேட்பதில்லை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்கள் மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா இல்லையா என்பதை 78 சதவீதம் பேர் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். கண்டுபிடித்தவர்கள் 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும்.

"சரி, நாளைக்கு அனுப்பிடறேன்" என்று இரண்டு சொல் கூட்டினாலே போதும். மறுப்பு, குறை, கிண்டல் மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை விளக்கம் அனுப்பியும் தீரவில்லை என்றால், மூன்றாவதைத் தட்டச்சு செய்யாமல் கூப்பிட்டுவிடுங்கள்.

அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பேசிவிடுகிறேன். நிறுத்த முடியவில்லை.

உங்கள் குணத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 2009-இல் பத்து மொழிகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஆகும். அதாவது, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே பதிலைத் தயாரிப்பது எல்லோரும் செய்வதுதான். உங்களுடையது சற்று முன்னதாக வெளியே வந்துவிடுகிறது.

கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்ததை ஒரே சொல்லாகக் குறித்துவிட்டால் மறந்துபோகும் என்ற பதற்றம் போய்விடும், பாதிக் குறுக்கீடுகள் அந்தப் பதற்றத்தில் வருபவைதான். அவர் முடித்ததும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிக்குப் பதிலாக மூன்று நொடி காத்திருந்த ஆசிரியர்களுக்கு மாணவர்களிடமிருந்து நீளமான பதில்கள் கிடைத்ததைக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டியிருக்கிறார். பெரியவர்களிடமும் முயன்று பாருங்கள். முடித்துவிட்டதாக நீங்கள் நினைத்தவர் பல சமயம் இரண்டாவது நொடியில் "இன்னொண்ணு…" என்று தொடங்குவார், சொல்ல வந்த விஷயமே அதுவாக இருக்கும். தொலைபேசியில் மட்டும் மூன்று நொடி மௌனம் 'லைன் கட்' ஆனதுபோல் தோன்றும், அங்கே ஒரு "ம்…" சேர்த்துக்கொள்ளுங்கள்.